சோளகம் வரும் பக்கம்

மடம் குளிர்ந்தது தண்ணீரால்தான், வேறொன்றுமில்லை. கணபதி மாமா இன்னும் நம்பவில்லை, அது வேறு கதை.

நாங்கள் போன வருசம், தொண்ணூற்றாறில், கிளிநொச்சியை விட்டு ஓடி வந்தவர்கள். முல்லைத்தீவுப் பக்கம், காட்டோரத்தில் ஒரு முஸ்லிம் பெரியவரை அடக்கிய சியாரம். அதன் மடத்தில் நாலு குடும்பம் இருக்கிறோம். வருசாவருசம் கந்தூரித் திருவிழாவுக்கு வரும் முஸ்லிம் யாத்திரிகர்கள் தங்குவதற்குக் கட்டிய மடம்.

இப்போது கந்தூரி இல்லை. தொண்ணூறில் இந்த ஊர் முஸ்லிம் சனத்தை இயக்கம் எழும்பிப் போகச் சொல்லிவிட்டது.

மின்சாரக் கம்பி வராத இடம். ஆனால் கட்டியவர்கள் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். தெற்குச் சுவர் முழுக்கத் துளைகள். அந்தச் சுவருக்கு வெளியே, தொழுவதற்கு முன் கைகால் கழுவ ஒரு நீளமான சீமெந்துத் தொட்டி.

நாங்கள் வந்தது மாரியில். தொட்டி நிறைய மழைத்தண்ணீர், தண்ணீர் நிறைய நுளம்புப்புழு. இரண்டு பேருக்கு மலேரியா வந்ததும் மண்ணைக் கொட்டி மூடிவிட்டோம்.

மாமா வட்டக்கச்சித் தோட்டக்காரர். சும்மா கிடக்கும் மண்ணை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மிளகாய் நட்டார்.

ஆடியில் மடம் அடுப்பாகிவிட்டது. சிவலட்சுமி அக்காவின் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. பிறகு அழுவதையும் நிறுத்தியது. மருந்துக் கொட்டிலில் மருந்து இல்லை. குளிர்ச்சியான இடத்தில் வைத்திருக்கட்டாம்.

குழந்தைக்கு ஓலையால் விசிறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. தெற்கிலிருந்து வீசும் சோளகக்காற்று தொட்டித் தண்ணீரைத் தடவிக்கொண்டு அந்தத் துளைகளால் உள்ளே வரவேண்டும். நாங்களோ அதைச் சுடுமண்ணைத் தடவ விட்டிருக்கிறோம்.

“மாமா, மிளகாயைப் பிடுங்கோணும்.”

“உனக்கென்ன விசரே? காய்க்கிற கண்டைப் பிடுங்கிப்போட்டு நுளம்பு வளர்க்கப் போறாராம், பெரிய எஞ்சினியர்!”

குளத்து மீன்குஞ்சுகளைப் பிடித்து விட்டால் அவை புழுவைத் தின்றுவிடும் என்றேன். அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை அவரே எடுத்தார்.

நாலு குடும்பமும் மண்ணை அள்ளினோம். கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினோம். மறுநாள் பொழுதுபடத் தொட்டி நிறைந்தது, மீன்குஞ்சுகளையும் விட்டோம்.

காற்று உள்ளே வந்தது. அவ்வளவுதான். சாமத்துக்கு முன் குழந்தை அழுதது, பால் குடித்தது.

மடத்துக்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். சொல்லிவிட்டுப் போக அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை.

எங்களுக்கும்தான் நேரம் இருக்கவில்லை. கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் இப்போது ஆமிக்காரர் இருக்கிறார்களாம். குசினி யன்னல் இறுகல். கீழ்மூலையில் ஒரு குத்து விட்டால்தான் திறக்கும். திறந்தால் வயல்காற்று வீடு முழுக்க ஓடும். திறக்காவிட்டால் இந்த ஆடிக்கு உள்ளே இருந்து வெந்துபோவார்கள்.

இவ்வளவு நாளில் ஒருவனாவது குத்திப் பார்த்திருப்பான்தானே? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?