பாஸ்டரின் காலர் மைக்

பாஸ்டர் காலர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

ஆராதனைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. சபை நிரம்பி உட்கார்ந்திருந்தது. அவர் முற்றம் தாண்டி, பின்னால் இருக்கும் அங்கி மாற்றும் அறையில் இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டால் இங்கே இடி இடித்தாலும் அங்கே கேட்காது.

ஸ்பீக்கரில் முதலில் ஒரு பெருமூச்சு வந்தது. அப்புறம் குரல்.

"வந்துட்டேன். கோபமா இருக்கியா?"

பாடகர் குழு பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அன்றைக்குப் பிரசங்கம் வேதத்தில் வரும் காதல் கவிதையைப் பற்றி. சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஏற்கெனவே முணுமுணுப்பு. போதாக்குறைக்கு, ஒரு வருஷமாகவே அவர் பிரசங்கம் காய்ந்த சுள்ளி மாதிரி இருக்கிறது என்று எல்லோருக்கும் குறை. இவரை மாற்றி வேறு ஆள் அனுப்புங்கள் என்று மேலிடத்துக்கு எழுதிய கடிதம், ஒன்பது கையெழுத்தோடு செயலாளரின் சட்டைப்பையில் தயாராக இருந்தது. ஆராதனை முடிந்ததும் நேரே தபால் பெட்டிக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

"உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லு."

கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகத் தாண்டி முன்னால் வந்தது. இரண்டாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மாவின் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது.

அவர் முகத்தைக் கைகளில் புதைத்திருந்தார். தோள் குலுங்கியது.

"பாவம்" என்றார்கள் பத்துப் பேர். பதினோராவது ஆளான ரிட்டயர்டு டீச்சர், ஆறுதல் சொல்லப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பாஸ்டரம்மா நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று டீச்சர் முடிவுகட்டினார்.

மைக் செட் பார்க்கும் எலக்ட்ரீஷியன் தவியாய்த் தவித்தார். அணைக்க வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டிக்குப் பூட்டு. பாடகர் குழுவில் ஆளாளுக்கு வந்து தன் மைக்கை மட்டும் கூட்டி வைத்துக்கொள்வதால் போட்ட பூட்டு அது. சாவி செயலாளரிடம்.

"சாவியைக் கொடுங்க சார், மானம் போகுது."

செயலாளர் சாவியைத் தேடினார். தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். அவர் சட்டைக்கு இருப்பதே ஒரு பைதான். காது மட்டும் ஸ்பீக்கர் பக்கம் இருந்தது.

"அன்னைக்கு ராத்திரி நீ கதவைத் தட்டினது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் எழுந்து வரல. தூக்கம் போயிடுமேன்னு புரண்டு படுத்துக்கிட்டேன். அப்புறம் மனசு கேட்காம வந்து பார்த்தா நீ இல்ல."

வீட்டுக்கே வந்திருக்கிறாள் என்று பாடகர் குழு கணக்குப் போட்டது. சின்னப் பிள்ளைகளின் காதைப் பொத்தியவர்கள் தங்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார இடம் கிடைக்குமா என்று ஒருவர் எழுந்தே வந்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆலயத்தில் ஒருத்தர்கூடத் தூங்காத ஒரே ஞாயிற்றுக்கிழமை அதுதான்.

"யாராவது போய் அந்த ஃபோனைப் பிடுங்குங்க" என்றார் டீச்சர்.

பாஸ்டரம்மா கைப்பையைத் திறந்து ஒரு ஃபோனை எடுத்துக் காட்டினார். "அவர் ஃபோன் என்கிட்டதான் இருக்கு டீச்சர்."

ஃபோன் இங்கே என்றால், ஆள் அங்கே. அந்த அறைக்குள்ளேயே.

"ஊரெல்லாம் உன்னைப் பத்திதான் பேசினேன். உன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எனக்கே வெட்கமா இருக்கு. திரும்பச் சேர்த்துக்கோ. உன் கால்லேயே கிடக்கறேன், போதும்."

கால் என்றதும் செயலாளருக்குச் சாவி கிடைத்துவிட்டது. சாவியை எலக்ட்ரீஷியன் கையில் திணித்துவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்க முற்றத்தைத் தாண்டி ஓடினார். ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, மற்றவர்களுக்கு நடப்பதைச் சொன்னார்கள்.

கதவைத் திறக்கிறார். உள்ளே பார்க்கிறார். அப்படியே நிற்கிறார்.

அப்புறம் குனிந்து செருப்பைக் கழற்றுகிறார். சத்தம் வராமல் கதவைச் சாத்துகிறார்.

திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து சுவிட்சில் விரல் வைத்திருந்தார். செயலாளர் தலையை மட்டும் ஆட்டி, அணைத்துவிடு என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், துண்டுகளைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு வெறுங்காலோடு தன் இடத்தில் உட்கார்ந்தார்.

டீச்சருக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. பாஸ்டரம்மாவின் காதருகே குனிந்தார்.

"சிரிக்கறியேம்மா. உள்ள இருக்கறது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் டீச்சர். எங்க வீட்டுக்காரருக்கும் ஆண்டவருக்கும் ஒரு வருஷமாப் பேச்சுவார்த்தையே இல்ல. இன்னைக்குத்தான் ராசி ஆனாங்க."