புகார் மேஜை

கையில் பணமில்லாத நகராட்சி, தெருவிளக்குக் கம்பங்களை ஒரு கம்பெனிக்கு இருபது வருஷக் குத்தகைக்கு விட்டிருந்தது. படூரில் அந்தக் கம்பெனியின் புகார் மேஜையில் இருந்த ஜாஸ்மின் போனை எடுத்தாள். முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

“சொல்லுங்கம்மா.”

“எங்க தெருவுல மூணு மாசமா லைட்டு எரியல. கம்பத்துல விளம்பரத்த மட்டும் வாரா வாரம் மாத்திகினு கீறீங்க.”

இந்த மாதத்தில் ஐந்தாவது தடவையாக அதே குரல்.

“பதிவு பண்ணிட்டேம்மா. ஆள் வருவாங்க.”

“எப்பவும் இதையேதான் சொல்றீங்க. போன வாரம் வேலை முடிஞ்சு வந்த எம் பொண்ணு, இருட்டுல சாக்கடையில வுழுந்துட்டா. கால்ல நாலு தையலு.”

ஜாஸ்மினுக்கு அலுப்பாக இருந்தது.

“எழுதி வைக்கிறது மட்டும்தாம்மா என் வேலை. லைட்டு போடுறது வேற ஆளுங்க.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. சூப்பர்வைசர் டீ குடிக்கக் கிளம்பினார். அவர் கதவைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, ஜாஸ்மின் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மா, ஏழு மணி பஸ்ல வரேன். டார்ச் எடுத்துகினு ஸ்டாப்பாண்ட வந்து நில்லு.”

“நிக்கிறேன். தையல் இன்னும் வலிக்குதாடி?”