செத்த மூக்கு

"போச்சு, எல்லாம் போச்சு" என்றபடி தலையில் கை வைத்துக்கொண்டார் எஞ்சினியர்.

லேப் தரை முழுக்கக் கறுப்புச் சேறு. நடுவில் வாளி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு லேப் உதவியாளர் மூக்கண்ணன்.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையம் அது. தண்ணீரைப் பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சும் கெட்டிக் கசடு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது, எவ்வளவு தள்ளினால் நகர ஆரம்பிக்கிறது என்று அளப்பதுதான் இந்த லேபின் வேலை. அந்த அளவை வைத்துத்தான் பம்ப் வாங்குவார்கள். அளவு தப்பினால் பம்ப் திணறும், குழாய் அடைத்துக்கொள்ளும்.

கசடும் லேசுப்பட்டதல்ல. முன்கூட்டியே கிளறினால் இளகிவிடும். வெளியே விட்டுவைத்தால் விடிவதற்குள் கெட்டு நீர்த்துவிடும். அதனால் வந்த கையோடு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

"வெளியூர்ல கெஞ்சிக் கூத்தாடி வாங்கின சாம்பிள்யா இது! நேத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் ஜூனியர். இன்னும் வேலை நிரந்தரமாகாத பெண். முந்தின நாள் சாயங்காலம் வாளி வந்த நேரம் பார்த்து, குழந்தைக்கு ஜுரம் கொதிக்கிறது என்று வீட்டிலிருந்து போன். கை வேலையை அவசரமாக முடித்துவிட்டு ஓடியிருந்தாள்.

"அவங்க ஒழுங்காத்தான் வெச்சிருந்தாங்க சார். எடுக்கும்போது எனக்குத்தான் கை வழுக்கிடுச்சு" என்றார் மூக்கண்ணன்.

அவருக்கு மூக்கு வேலை செய்யாது. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

ஜூனியர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வாளி மூடியைத் திறந்ததுமே வாந்தி எடுத்தாள். "நீ தள்ளி உக்காந்து எழுதிக்கம்மா. எனக்கு மூக்கு செத்து வருஷக்கணக்காச்சு. சந்தனமும் சாக்கடையும் எனக்கு ஒண்ணுதான்" என்று வாளியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து நாறுகிற வேலையெல்லாம் அவர் தலையில். யாரும் நன்றி சொல்லவில்லை. பேர் மட்டும் வைத்தார்கள்.

"மூக்குதான் போச்சு, கையுமா போச்சு அண்ணே?" என்றாள் ஜூனியர்.

லேபே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே தரையைத் துடைத்தார்.

மத்தியானம் எஞ்சினியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "கூடவே இருக்கறவ நீ. மறைக்காமச் சொல்லு. அந்த ஆள் இனிமே லேபுக்கு லாயக்கா?"

ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"வயசாயிடுச்சு சார். முன்ன மாதிரி கவனம் இல்ல."

மறுநாளே அவரை வெளியே பிழியும் மிஷினுக்கு மாற்றினார்கள். வெயிலில் நின்று கசடை வாரிக் கொட்டுகிற வேலை. இடுப்பு எத்தனை நாள் தாங்கும்? லீவு போட்டார், பிறகு வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜூனியருக்கு வேலை நிரந்தரமானது.

இன்று அவருடைய சாமான்களை எடுத்துப்போக அவர் மனைவி வந்திருந்தார். ஜூனியர்தான் அலமாரியைத் திறந்து கொடுத்தாள். ஒரு ஜோடி செருப்பு, ஒரு டம்ளர், பாதி தீர்ந்த தைல பாட்டில்.

"அண்ணனுக்குத் தலைவலி வருமாம்மா?"

"தலைவலிக்கு இல்லம்மா, மூக்குல தடவிக்கத்தான். இது இல்லாம வாளி மூடியைத் தொடவே மாட்டாரு. அப்படியும் வீட்டுக்கு வந்தா ஒரு வாய் சாப்பாடு இறங்காது."

"அவருக்குத்தான் மூக்கு வேலை செய்யாதே?"

"நல்லாச் சொன்னே போ! பக்கத்து வீட்டுல பால் திரிஞ்சா எங்க வீட்டுல உக்காந்துக்கிட்டே சொல்லுவாரு."

ஜூனியர் அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். அந்த அம்மா பையில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே பேசினார்.

"நாத்தத்துலயே புதுசு எது, பழசு எதுன்னு பிரிச்சுச் சொல்லுவாரு. கடைசியா ஒரு வாளியைக் கவிழ்த்தாரே, அதுவும் அப்படித்தான். காலையில முதல் ஆளா வந்து பாத்தா மேஜை மேலயே இருந்துச்சாம். மூடியைத் திறந்ததுமே கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிடுச்சாம்."

"அதைச் சொல்லியிருக்கலாமேம்மா..." என்றாள் அவள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'ஃப்ரிட்ஜ்ல வெக்க மறந்த பொண்ணுக்கு வேலை போயிடும். கெட்டதை அளந்து குடுத்தா ஊரான் குழாய் அடைச்சுக்கும். கவிழ்த்துட்டா ரெண்டு பிரச்சினையும் தீர்ந்தது'ன்னாரு. பிழைக்கத் தெரியாத மனுஷன்."

பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவர் நின்று திரும்பினார்.

"மறந்தே போயிட்டேன் பாரு. அந்தப் பொண்ணு இன்னும் இங்கதான் வேலை பாக்குதாம்மா? குழந்தைக்கு ஜுரம்னு அன்னைக்கு ஓடிச்சாமே, இப்ப நல்லா இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."