முடி கொட்டாத மருந்து

"பழைய மருந்தையே போடுங்க டாக்டர்" என்றார் வீரமலை.

புற்றுநோய் டாக்டர் யாழினி பேனாவைக் கீழே வைத்தார். "அது டவுன் பஸ் மாதிரிங்க. உடம்புல எல்லா ஸ்டாப்லயும் நின்னு, முடியையும் சேர்த்துக் காலி பண்ணும். இது நானோ உருண்டைக்குள்ள அடைச்ச மருந்து. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினா நடுவுல எங்கயும் நிக்காம ஸ்ரீரங்கத்துலதான் இறங்கும்! பெரும்பாலும் கட்டிக்குத்தான் போகும். முடி கொட்டாது."

"கொட்டணும் டாக்டர்!"

"எல்லாரும் கொட்டக்கூடாதுன்னு அழுவாங்க. நீங்க என்னங்க?"

வீரமலை கதவைப் பார்த்தார். மருந்துக்கடைக்குப் போன மனைவி ஆனந்தவள்ளி இன்னும் வரவில்லை.

"குணமானா எனக்கு மொட்டை போடறதா அவ சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டிருக்கா."

"போட்டா என்ன? திரும்ப வளர்ந்துடுமே!"

"எங்கேருந்து வளரும்?" என்றவர், தலைமுடியை அப்படியே கழற்றி மேஜைமேல் வைத்தார். வழுக்கை பளபளத்தது. "கல்யாணத்தன்னிக்கே டோப்பாதாங்க. இருபத்தாறு வருஷமா அவளுக்குத் தெரியாது. மருந்துல கொட்டிடுச்சுன்னு சொல்லி மானத்தோட தப்பிச்சிடலாம்னு பார்த்தேன்."

கதவு திறந்தது. வீரமலை கையை நீட்டுவதற்குள் ஆனந்தவள்ளி டோப்பாவை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இது அழுக்கே ஆகாதுன்னு நெனச்சீங்களா? மாசாமாசம் ஷாம்பு போட்டு அலசறது யாரு?" என்றவள் டாக்டரிடம் திரும்பினாள்.

"நீங்க புது மருந்தையே போடுங்க டாக்டர். முடி காணிக்கைக்கு இது போதும்னு ஆத்தாகிட்ட அப்பவே பேசி முடிச்சிட்டேன்."