இறங்குபவர் பட்டியல்

இரண்டு மாலுமிகள் இறங்க வேண்டும். மாற்றுக்கு ஒருவன்தான் மிஞ்சினான். மாற்றாக ஏற வேண்டிய இன்னொருவன் காலையில் மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை.

கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் அந்த அலுவலகத்தில் அவர்தான் மேலாளர். யார் ஏறுவது, யார் இறங்குவது எல்லாம் அவர் சொல்வதுதான்.

இறங்க வேண்டியவர்களில் ஒருவன் ஏறி ஏழு மாதம். மற்றவன் ஏறி ஒன்பது மாதம். வரிசைப்படி ஒன்பது மாதக்காரன் இறங்க வேண்டும்.

அவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி.

கல்யாணமாகாதவன். இறங்கினால் அண்ணன் வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. வந்துவிட்டால் விடுப்பு மூன்று மாதமும் வீடு அவன் பக்கம்தான். அவருடைய ஒன்பது வயது மகள் அவன் முதுகை விட்டு இறங்க மாட்டாள். அவன் சொல்லித்தந்த முடிச்சுகளையெல்லாம் நாற்காலிக் கால்களில் போட்டுப் பார்ப்பாள். அவர் சொல்லும் எதற்கும் சிரிக்காத மனைவிகூட அவன் பேச்சுக்குச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

அந்த மூன்று மாதமும் அவர் சீக்கிரமே படுத்துவிடுவார்.

மகளுக்குத் தினமும் ஷூ நாடா கட்டிவிடுவது யார்? காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது யார்? இருந்தும் நாடா கட்டும்போது குனிந்த அவர் தலைக்கு மேலிருந்து தினமும் ஒரே கேள்விதான் வரும்.

“சித்தப்பா எந்தத் தேதி வர்றாருப்பா?”

இன்று காலையும் கேட்டாள்.

பட்டியலிலிருந்து தம்பியின் பெயரை எடுத்து ‘பணி நீட்டிப்பு’ என்ற கட்டத்தில் போட்டார். தம்பிக்குச் சலுகை காட்டிவிட்டதாக நாளைக்கு நாலு பேர் பேசக் கூடாது பாருங்கள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வயிற்றெரிச்சல் என்ற வார்த்தையை அவர் மனசுக்குள்கூடச் சொல்லவில்லை.

கப்பலுக்குப் போன் போட்டார். ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

“அண்ணா, நானே பேசணும்னு இருந்தேன். இன்னும் மூணு மாசம் இங்கயே இருந்துட்டு வர்றேனே.”

“ஏன்டா?”

என்ஜின் இரைச்சலுக்கு நடுவே தம்பி குரலைத் தாழ்த்தினான்.

“பாப்பாவத் திட்டிடாதீங்க. அவதான் அண்ணி போன்லருந்து பேசி அனுப்பியிருந்தா. ‘நீங்க வந்தா அப்பா எங்கூடப் பேசவே மாட்டேங்கறாரு சித்தப்பா, கொஞ்சம் மெதுவா வாங்க’ன்னு.”

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார்.

“உளறாத. வெள்ளிக்கிழமைக்கு உனக்கு டிக்கெட் போட்டாச்சு. மரியாதையா வந்து சேரு.”

போனை வைத்த பிறகுதான் டிக்கெட் போட்டார்.