அரை பாட்டில் எண்ணெய்

இருபத்தேழாவது கட்டம். துணியை விரலில் சுற்றி, ஷாம்பு கலந்த தண்ணீரில் தொட்டு, வகிட்டின் மேல் மெதுவாக இழுக்கிறேன்.

எண்ணெயும் மாவும் குழைந்து துணியில் அப்பிக்கொண்டு வருகிறது.

மருமகள் முக்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் எல்லாம் திறந்துதான் கிடக்கிறது, காற்றைத்தான் காணோம். இதோ அதோ என்று மழை மூன்று நாளாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. மின்விசிறி இருக்கிற புழுக்கத்தையே சுற்றிச் சுற்றிப் பரிமாறுகிறது.

என் மகன் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான். வண்டிக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவியவன், ஒரு மணி நேரமாகக் காற்றடித்துக்கொண்டிருக்கிறான்.

குற்றவாளி நான்தான்.

வெள்ளிக்கிழமை, மாதத்துக்கு ஒன்று கிடைக்கிற விடுப்பை எடுத்து, பார்லரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டுக்கொண்டு வந்தாள். அடியில் முடிச்சே கிடையாது. சொந்த முடியில் தொடங்கி, சவுரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பின்னியது. பேக்கரி அடுப்பின் முன்னால் நாள் முழுக்க நிற்பவளுக்கு இதுதான் வசதியாம். வேரை இழுக்காதாம். காலையில் சீப்பைத் தேட வேண்டாமாம்.

முப்பது வருஷம் தையல் மிஷினோடு குடித்தனம் செய்தவள் நான். அந்த வகிடுகளைக் கிட்டே போய்ப் பார்த்தேன். துணியில் சாக்பீஸால் கோடு போட்டால்கூட அவ்வளவு நேராக எனக்கு வராது.

பராமரிப்பதற்கு பார்லர் பெண் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. வியர்த்தால் ஈரத் துணியால் வகிடுகளை ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காயாமல் கொண்டை போடக் கூடாது, உள்ளே பூசணம் பிடித்து நாறும். இரவில் வழுவழுப்பான துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு படுக்க வேண்டும். இந்தப் புழுக்கத்தில் எண்ணெய் கூடவே கூடாது.

கடைசி வரியை நானும் படித்தேன். எண்ணெய் வைத்துவிட வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்காக எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்தவள், கூடத்துத் தரையில் தலையணையைப் போட்டு ஒருக்களித்துப் படுத்தாள். மண்டை கட்டம் கட்டமாகத் தெரிந்தது. காய்ந்துபோய், அங்கங்கே லேசாகச் சிவந்து இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

எண்ணெயை வெதுவெதுப்பாகச் சுடவைத்து எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வகிடாக விரலால் தடவிவிட்டேன். அரை பாட்டில் போயிற்று. அவள் அசையவே இல்லை. பாவம், அவ்வளவு அசதி.

எழுந்ததும் தலையைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பரவாயில்லை அத்தை என்றாள்.

நான் வந்த மூன்று வாரத்தில் அது நூறாவது பரவாயில்லையாக இருக்கும். அவளுடைய வெள்ளைச் சட்டையைச் சாயத்துணியோடு ஊறவைத்தபோதும் அதேதான் சொன்னாள். இந்தப் பெண் ஒரு தடவை சண்டை போட்டால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இங்கேயே இருந்துவிடு என்கிறான் மகன். எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். பெரியவன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பேச ஆளும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை இவள் வாயிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இன்னும் வரவில்லை.

இன்று காலை, அடுப்பு வெக்கையில் எண்ணெய் வழிந்து, பறக்கிற மாவெல்லாம் அதில் ஒட்டி, மத்தியானம் தலையைச் சொறிந்துகொண்டே வந்தாள். பக்கத்தில் போனால் நனைந்த சாக்கு வாடை. பார்லர் பெண்ணுக்கு நானே போன் போட்டேன். ஒவ்வொரு வகிடாகத் துடையுங்கள், உடனுக்குடன் காயவையுங்கள், போகாவிட்டால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான் என்றாள். எட்டு மணி நேரம் உட்கார்ந்த பிள்ளை.

ஐம்பத்து நான்காவது கட்டம். துணி கொஞ்சம் வெளுப்பாக வருகிறது. அவள் சொறிய நகத்தைக் கொண்டுவருகிறாள். கையைத் தட்டிவிடுகிறேன். ஈரம் பட்ட இடத்தில் விசிறியால் வீசுகிறேன்.

பிரிக்க வேண்டியிருக்காது போலிருக்கிறது.

அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன், புதன்கிழமை பெரியவன் வீட்டுக்குக் கிளம்புகிறேன், இனி உன் தலைக்கு என்னால் ஆபத்தில்லை என்று. சிரித்துக்கொண்டே சொல்லத்தான் நினைத்தேன். குரல் காலை வாரிவிட்டது.

இந்த முறை அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

"எட்டு வாரம் கழிச்சு இதைப் பிரிப்பாங்க அத்தை. அன்னைக்கு எண்ணெய் வைக்க நீங்க இருக்கணும்."

என் கை நின்றுவிட்டது. நல்லவேளை, அவளுக்கு என் முகம் தெரியாது. தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று அவளைத் திட்ட ஆரம்பித்தேன். அரை பாட்டிலைக் கவிழ்த்தும் எழுந்திருக்காத தூக்கம் என்ன தூக்கம், வீட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் உனக்குத் தெரியாது என்றேன்.

"நான் தூங்கல."

அப்புறம் ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நிறுத்தியிருப்பீங்க."