மூன்று பங்கு

மகனின் கல்யாணப் பத்திரிகை மாதிரியை எடுத்துக்கொண்டு, ஒன்பது வருடங்களுக்குப் பிறகு மகள் வடிவு வேலை செய்யும் ஆய்வகத்துக்கு அவளைப் பார்க்கப் போனேன். எங்கள் குடும்பப் பத்திரிகையில் பெண்ணின் பெயர் கணவன் பெயரோடுதான் வரும். என் விருப்பத்தை மீறி அவள் கட்டிக்கொண்ட டேனியலின் பெயரை அதில் ஏற்ற எனக்கு மனமில்லை. அவள் பெயரை மட்டும் போட்டிருந்தேன். அதற்கு அவள் சம்மதம் வேண்டும்.

“முதல்ல இதைப் பாருங்கப்பா” என்று நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தாள். காலா அசார் காய்ச்சலைத் தரும் ஒட்டுண்ணி. பச்சையாக ஒளிரும் ஒரு வகையையும் சிவப்பாக ஒளிரும் ஒரு வகையையும் மணல் ஈயின் வயிற்றில் கலக்க விட்டிருக்கிறாள். பிறந்தவை மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டு, ஒன்றையொன்று தொடாமல் நீந்தின.

“குரோமோசோமை ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கும்” என்றேன். நானும் விலங்கியல் படித்தவன்.

“பெரும்பாலும் அப்படித்தான். இதுங்களுக்கு ரெண்டு பங்குக்குப் பதிலா மூணு பங்கு இருக்கு. ஒண்ணு பாதி கொடுத்துச்சு, இன்னொண்ணு தன்கிட்ட இருந்ததைப் பிரிக்காம முழுசாக் கொடுத்துடுச்சு.”

“அப்போ கோளாறு.”

“நல்லாத்தான் பெருகுது. உங்களுக்குத்தான் இடிக்குது” என்று சிரித்தாள். நான் நீட்டிய பத்திரிகை மாதிரியைப் படித்ததும் சிரிப்பு நின்றது. “அவர் பேர் இல்லாம என் பேர் வேண்டாம்ப்பா.”

அவள் எதிரிலேயே அவள் பெயரைப் பேனாவால் அடித்தேன்.

“சாப்பிட்டுப் போங்க.”

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

“பொண்ணு பேரை எடுத்துட்டீங்களே, ஐயா?” என்றார் மறுநாள் அச்சகக்காரர், மாதிரித் தாளை வாங்கிப் பார்த்து.

இடம் போதவில்லை என்றேன். அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். என் பெயருக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெறுமையாக இருந்தது.